மேஸ்திரிக்கு வசனம் இல்லை

மார்ச் 9, திங்கள்

வெயில் இப்போதே மே மாதம் மாதிரி. காலையிலேயே குழாயில் சுடுதண்ணீர்.

செய்ய வேண்டியவை: மூடிக் கிடக்கும் டேனரியின் சாவி. பர்வீனுக்கு வெள்ளைப் புடவை, பழசாக, சாயம் போனதாக. மேஸ்திரியாக நடிக்கும் வாத்தியார் ராஜமாணிக்கம் சாருக்குப் போன் செய்து மீசையை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்ல. குடியாத்தம் கல்யாண ஆல்பம் இன்னும் பாக்கி. பெண்ணின் அப்பா தினமும் திட்டுகிறார்.

சபைப் பத்திரிகையில் போட, படத்தைப் பற்றி நாலு வரி கேட்டார் ஆயர். எழுதி எழுதிக் கிழித்துக் கடைசியில் கொடுத்தது இது:

'நம் சபையின் சகோதரி எஸ்தர். அவர் கணவர் பால்ராஜ், பல வருடங்களுக்கு முன் தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டிக்குள் வேலைக்கு இறங்கியபோது விஷவாயு தாக்கி இறந்தார். அவரை இறங்கச் சொன்னவர் இதே சபையைச் சேர்ந்த மேஸ்திரி ஜேக்கப். அடுத்து வந்த பெரிய வெள்ளி ஆராதனையில், சபையார் எல்லாரும் பார்க்க, எஸ்தர் எழுந்து போய் ஜேக்கப்பின் கையைப் பிடித்து, உங்களை மன்னிச்சிட்டேன் என்றார். அந்த உண்மைச் சம்பவத்திலிருந்து உருவாகும் படம் இது.'

ஆயருக்குப் பிடித்தது. "கடைசியில ஒரு ஸ்தோத்திரம் சேத்துக்கோ ஸ்டீபன்" என்றார். சேர்த்தேன்.

அதில் எழுதாதது: அன்றைக்கு நான் கடைசி பெஞ்ச்சில் உட்கார்ந்திருந்தேன். முந்தின ராத்திரி குடித்த நாற்றம் வாயில். ஷீலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அந்தக் கை இன்னொரு கையைப் பிடித்ததைப் பார்த்தேன். தேம்பித் தேம்பி அழுதேன். அதற்குப் பிறகு குடியைத் தொடவில்லை. அடுத்த வாரம் போய் ஷீலாவைக் கூட்டி வந்தேன்.

ஊர்க் கல்யாணம், மஞ்சள் நீராட்டு எல்லாம் படம் பிடித்தாயிற்று. எனக்கென்று எடுப்பது இது ஒன்றுதான்.

மார்ச் 10, செவ்வாய்

டேனரியில் படப்பிடிப்பு. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இருந்தும் சுவரில் வெயில் ஏறினதும் பழைய தோல் வாசனை கிளம்பி வந்துவிட்டது. கேமரா குமார் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டான். அவன் திருவண்ணாமலைக்காரன், பழக்கமில்லை.

எடுத்தது: செய்தி கேட்டு மனைவி ஓடி வரும் காட்சி. தொட்டி விளிம்பில் வந்து நிற்பது. செருப்பு ஒன்று மட்டும் கிடப்பது.

பர்வீனுக்கு நோன்பு. தண்ணீர்கூட இல்லாமல் இந்த வெயிலில் ஏழெட்டுத் தடவை ஓடினாள். கிளிசரின் வேண்டாம் என்றுவிட்டாள். ஷூ கம்பெனியில் எஸ்தர் அக்காவும் இவளும் ஒரே லைனில் தைக்கிறார்கள். அக்காதான் இவளைக் கூட்டி வந்து, "இவள வெச்சிக்க தம்பி. என்ன மாதிரியே வெடுக்குனு நடப்பா" என்று சொன்னது.

எ. அக்கா இன்றைக்கு வரவில்லை. கூப்பிட்டேன். "தொட்டியெல்லாம் நான் பாக்கணுமா?" என்றது. கேட்டிருக்கக் கூடாது.

மதியம் கரண்ட் போயிற்று. குமார், "கல்யாண வீடியோ மாதிரி மேல ரெண்டு புறா பறக்க வுட்லாமா சார்?" என்கிறான். கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவனும் போய்விட்டால் ஆளில்லை.

மார்ச் 12, வியாழன்

தூக்கம் வராது போல. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் வேலை முடிந்து பர்வீன் ஒத்திகைக்கு வந்தாள். பெரிய வெள்ளிக் காட்சி. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு ஆலயத்திலேயே எடுத்துக்கொள்ள ஆயர் சம்மதித்திருக்கிறார். ஷீலாவை ஜேக்கப்பாக நாற்காலியில் உட்கார வைத்தேன். பர்வீன் நடந்து வந்தாள். கையைப் பிடித்தாள். "உங்களை..." என்றாள். நின்றுவிட்டாள்.

மறுபடி. மறுபடியும் "உங்களை..." வரைதான்.

"மறந்துட்டியா?"

"மறக்கலண்ணா. சொல்ல வரல."

ஷீலாவின் கையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எஸ்தர் அக்காவ கேட்டேன். கைய புடிக்கும்போது மனசுல இன்னா இருந்துச்சுக்கா, சொன்னா எனக்கு நடிக்க ஈஸியா இருக்கும்னு. சாப்பாட்டு டைம்ல. அது தயிர் சோறு துன்னுக்கினே, 'ஒண்ணும் இல்லடி. நான் எங்க மன்னிச்சேன்?'னுது."

"வெளாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க."

"இல்லண்ணா. ஊறுகா வேணுமானு கேக்கற மாதிரி சாதாரணமா சொன்னாங்க."

என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை. நடிப்புதானே, நடிப்பில் பொய் என்ன இருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

"நடிப்பு பொய்யில்லண்ணா. படம் ஆரம்பத்துல 'உண்மைச் சம்பவம்'னு போடுவீங்க இல்ல, அதுதான் பொய். நோன்பு வெச்சிக்கினு என்னால ஆவாது. பேஜாரா இருக்கு."

நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது. பள்ளிவாசல் சங்கு ஊதிற்று. ஷீலா பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு வந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது பர்வீன் கேட்டாள்:

"இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த சீன்ல மேஸ்திரிக்கு டயலாக்கே இல்லயே, ஏண்ணா?"

அன்றைக்கு அவர் பேசவில்லை. அதனால் எழுதவில்லை. அதைச் சொன்னேன்.

"ஓ" என்றாள். போய்விட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

ஆல்பம் வேலை செய்ய உட்கார்ந்தேன். மாப்பிள்ளை முகத்தையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை இடத்தில் சாட்சி சொல்லியிருக்கிறேன். வாலிபர் கூட்டத்தில், ஆம்பூரில், பேரணாம்பட்டில், அணைக்கட்டுப் பக்கம் கிராமத்தில்கூட. ஒரு சகோதரி தன் கணவனைக் கொன்றவனையே மன்னித்தாளே, அந்த தேவன் என் குடியை எடுத்துப்போட்டார் என்று. சொல்லும்போதெல்லாம் ஜனங்கள் அழுதார்கள்.

இப்போது அந்தச் சகோதரி தயிர் சோறு தின்றுகொண்டே, நான் எங்கே மன்னித்தேன் என்கிறாள்.

நான் எதன் மேல் நின்றுகொண்டிருந்தேன்?

ஷீலாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அப்ப நீங்க குடிக்காம இருக்கறதும் பொய்யா? நான் கூடவே இருந்து பாக்கறனே, அது எனக்குத் தெரியாதா?" என்றாள். சரிதான். ஆனால் அவள் எழுந்து போனதும் அது போதவில்லை.

மார்ச் 14, சனி

எ. அக்கா வீடு. அரை நாள் வேலை முடிந்து வந்து, மகளின் நர்சிங் யூனிபாரத்துக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தது. மகள் வேலூரில் விடுதியில். நான் வந்ததைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டது.

"பர்வீன் சொல்லிட்டாளா?"

கை நிறைய நீலம். துடைக்கவும் இல்லை.

"அவரு செத்து நாலு மாசம்கூட ஆவல. ஆயர் வந்தாரு. அப்ப இருந்தாரே, பழைய ஆயர். என் கொழுந்தன் வந்தாரு. ஒரே சபை, ரெண்டு பேரும் இப்டி மூஞ்சத் திருப்பிக்கினு இருந்தா சபை உடைஞ்சிரும், பெரிய வெள்ளியன்னிக்கு ஒரு கை குடுத்துடும்மான்னாங்க. நான் அப்ப சோறு துன்னனா, தூங்கினனானே எனக்குத் தெரியாது தம்பி. எழுந்து போன்னாங்க, போனேன். கையப் புடினாங்க, புடிச்சேன். சொல்லுனாங்க, சொன்னேன்."

"அப்புறமாவது யாருகிட்டயாவது..."

"அப்புறம் இன்னா? கேசுல போலீசு என்னை ஒரு வார்த்தை கேக்கல. அந்தம்மாவே மன்னிச்சிட்டாங்கனு எழுதிக்கினு போய்ட்டாங்க."

நான் எழுந்து நின்றேன். கோபமா, அழுகையா தெரியவில்லை. படத்துக்குக் கதை கேட்க எத்தனை தடவை வந்தேன், அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கத்திவிட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தது.

"உன் பொண்டாட்டி பிள்ளையத் தூக்கிக்கினு இங்க வந்துச்சு. இதே எடத்துல நின்னு, 'உங்களாலதான் அக்கா இவரு திருந்தினாரு'னு என் கையப் புடிச்சிக்கினு அழுதுச்சு. அதுக்கப்புறம் நான் எங்க போய் இன்னானு சொல்றது? சொன்னா நீ திரும்பக் குடிச்சிட்டீனா?"

எனக்காகவா. இத்தனை வருடம் எனக்காகவும் சேர்த்தா இதைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"வேற சபைக்குப் போயிருக்கலாமேக்கா" என்றேன். முட்டாள்தனமான கேள்வி.

"ஏன் போவணும்? சபையயும் அவனுக்கே வுட்டுக் குடுத்துறதா?"

காபி கொடுத்தது. குடித்தேன். படத்தை என்ன செய்ய என்று கேட்டேன்.

"படத்துல வர்ற பொம்பள மன்னிச்சா மன்னிக்கட்டும். என் பேரப் போடாத."

மார்ச் 15, ஞாயிறு

ஆராதனையில் பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. திருவிருந்து நேரத்தில் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜேக்கப் மேஸ்திரி வலது பக்க வரிசையில் எழுந்தார். அக்கா உட்கார்ந்தே இருந்தது. அவர் மண்டியிட்டு, பாத்திரத்தில் குடித்து, திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தது. பிறகு இடது பக்கமாகச் சுற்றிப் போய், இன்னொரு பாத்திரம் வரும் முனையில் மண்டியிட்டது. அவர் வாய் வைத்த பாத்திரம் வேண்டாம் என்று. ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா? நான் பார்த்ததே இல்லை. நான் மட்டுமா, சபையில் யாரும் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் போனேன். ஜெபம் செய்துகொண்டு போனேன், வார்த்தைகள் சரியாக வரட்டும் என்று. வரவில்லை. உளறினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஸ்டீபன், மன்னிப்பு மனசுல வர்றது தேவனோட வேலை. வாயால சொன்னது நம்ம வேலை. அவங்க சொன்னாங்க. சபை கேட்டுச்சு. படத்துக்கு அது போதும்."

"அதை அப்டியே எடுத்தா பொய்யாயிடும்ங்கய்யா."

"மன்னிக்கலனு எடுக்கப் போறியா? அது சாட்சி இல்ல தம்பி. அதைப் பாத்துட்டு யாரு என்ன கத்துக்குவாங்க?"

அவர் கெட்டவர் இல்லை. அப்பா இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தவர். ஆனால் ஆலயத்தில் எடுக்க முடியாது என்றுவிட்டார். பத்திரிகையில் போட வைத்திருந்த நாலு வரியையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். வாலிபர் கூட்டத்துப் பையன்களும் இனி உதவிக்கு வர மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். ஷீலா கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மார்ச் 16, திங்கள்

பர்வீன் கேட்டது மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. மேஸ்திரிக்கு ஏன் வசனம் இல்லை.

ஜேக்கப் இப்போது டேனரி வேலையில் இல்லை. பைபாஸ் ஓரம் தண்ணீர் கேன் வியாபாரம். போனேன். வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார். முதுகு வளைந்துவிட்டது. சும்மா ஒரு கை கொடுத்து ஏற்றினேன். முடிந்ததும் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அக்கா மன்னித்தேன் என்று சொன்னபோது, நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"ஒண்ணும் சொல்லல."

"அதுக்கு முன்னாடி? அப்புறம்? தனியா?"

லாரி சத்தம். பிறகு காலிக் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் நான் போய் இன்னாத்த கேக்கறது ஸ்டீபனு? கேக்கணும்னு எழுதிக்கூட வெச்சிருந்தேன். அவங்க கை என் கையில வந்துச்சு. ஐஸ் மாதிரி ஜில்லுனு. அப்பவே எனக்குத் தெரியும், இது மன்னிப்பு இல்லன்னு. ஆனா எல்லாரும் அழுவறாங்க, அல்லேலூயா சொல்றாங்க. என் வாய் மூடிக்கிச்சு. அப்டியே மூடினதுதான்."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கேட்காமலே. அன்றைக்கு என்ன நடந்தது என்று. அதை இங்கே எழுதவில்லை.

"இத அக்காகிட்டயே சொல்லுங்க மேஸ்திரி. நான் கூட வர்றேன்."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், மாட்டேன் மாட்டேன் என்று. கேஸ் திரும்பக் கிளம்பிவிடும் என்ற பயம். மகளுக்கு வரன் பேசியிருக்கிறார்கள், அது கெட்டுவிடும் என்ற பயம். அக்காவின் முகத்தைப் பார்க்கவும் பயம்.

நான் வண்டியைக் கிளப்பும்போது பின்னாலேயே வந்தார்.

"உன் படத்துல வேணா அந்த வாத்தியார் சொல்லட்டும். நான் சொன்ன மாதிரியே. ஒரு வார்த்தை கம்மி பண்ணாத. என் வாயால வராது."

மார்ச் 17, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை.

குமார் போன். வெள்ளிக்கிழமையிலிருந்து வேலூரில் வேறு வேலை ஒத்துக்கொண்டானாம். வியாழன் யுகாதி விடுமுறை, அன்றைக்கு ஒரு நாள் வருவான், அதோடு சரி. "கிளைமாக்ஸ் எங்க சார் எடுக்கறோம்? சர்ச் இருக்கா இல்லையா?" இல்லை என்றேன். "அப்ப கிளைமாக்ஸ்?" தெரியாது என்றேன். அவனே சங்கடப்பட்டு வைத்துவிட்டான்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தால் கூரையைப் பார்க்கிறேன். யாரோ முன்பே எழுந்து போய்விட்ட அறை மாதிரி இருக்கிறது.

பள்ளிகொண்டா வரை பஸ்ஸில் போனேன், காரணமே இல்லாமல். இறங்கி நடந்தால் எதிரே டாஸ்மாக். வெயிலில் வரிசையாக ஆட்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாயில் எச்சில் ஊறிற்று. இத்தனை வருடம் கழித்தும் ஊறுகிறது. அந்தக் கை பொய்யென்றால் இதற்கு எதை வைத்துத் தடுப்பது?

போன் அடித்தது. குடியாத்தம் பெண்ணின் அப்பா. "இன்னாயா நெனச்சிக்கினு இருக்கற? என் பொண்ணுக்கு வளைகாப்பே வரப்போவுது, கல்யாண ஆல்பம் இன்னும் வரல!" நானும் பதிலுக்குக் கத்தினேன். அவரும் கத்தினார். பெண் அழுகிறாளாம். மாமியார் வீட்டில் ஏசுகிறார்களாம். கடைசியில் மனசு கேட்கவில்லை, மன்னிச்சிடுங்க அண்ணே, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்து கொடுக்கிறேன் என்றேன். "சரி வுடு, சாப்ட்டியா?" என்றார். அதற்குள் ஆம்பூர் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

வேறு எதனாலும் இல்லை. பஸ் வந்தது, ஏறினேன்.

மார்ச் 18, புதன்

காட்சியைத் திருப்பி எழுதினேன். ஆலயம் இல்லை. பெஞ்ச் இல்லை. கூட்டம் இல்லை. டேனரித் தொட்டிப் பக்கம் இரண்டு பேர் மட்டும். மேஸ்திரி சொல்வது அப்படியே ஜேக்கப் சொன்னது. மனைவிக்கு வசனம் எழுத முடியவில்லை. விட்டுவிட்டேன்.

ராஜமாணிக்கம் சாருக்கு வாணியம்பாடிக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். ரிட்டயர்டு வாத்தியார், கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோதாக வந்து எல்லாரையும் நடுங்க வைப்பவர். "சார்?" என்றேன். "சத்தமா பேசக் கூடாது இல்ல இதை?" என்றார்.

பர்வீனிடம் சொன்னேன். "இதுன்னா வர்றேண்ணா. சீக்கிரம் வுட்ருங்க. பெருநாள் துணி இன்னும் எடுக்கல."

இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்? எந்தச் சபை போடும்? தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

யுகாதி. எல்லாக் கம்பெனியும் லீவு. டேனரிக்குள் காலை வெளிச்சம் ஓட்டுச் சந்து வழியாகக் கோடு கோடாக விழுந்தது. குமார் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் கேமராவை வைத்தான்.

சாரும் பர்வீனும் தயாராகிக்கொண்டிருந்தபோது கேட் சத்தம். எ. அக்கா. நான் கூப்பிடவில்லை. பர்வீனைப் பார்த்தேன், அவள் வேறு பக்கம் பார்த்தாள். அக்கா உள்ளே வந்து, தொட்டிப் பக்கம் போகாமல், கேமராவுக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டது. கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு. எடுக்கப்போவது என்ன என்று சொல்லிவிடலாம் என்று கிட்டப் போனேன். "நீ போ, உன் வேலையப் பாரு" என்றது.

எடுத்தோம்.

சார் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். பர்வீன் அவருக்குப் பின்னால். பிறகு சார், மெதுவாக, ஏரோது குரல் எங்கேயோ போய்விட்ட ஒரு குரலில்:

"பால்ராஜு வேணாம்னான். நாத்தம் ஒரு மாதிரி இருக்குது மேஸ்திரி, நாளைக்கு மெஷின் வரட்டும்னான். நான்தான் எறங்குன்னேன். மாஸ்க் இல்லனு எனக்குத் தெரியும். எறங்கலனா நாளைக்கு வேலைக்கு வராதேன்னேன். சிரிச்சிக்கினே செருப்பக் கழட்டினான். ஒண்ணுதான் கழட்டினான். இன்னொண்ணு காலோட போயிருச்சு. நான்தான் சொன்னேன். வேற யாரும் சொல்லல. நான்தான்."

பர்வீன் அசையவில்லை. கை அவளுடைய பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவ்வளவுதான்.

கட் சொல்ல மறந்துவிட்டேன். குமார் என்னைப் பார்த்து, தானே நிறுத்தினான்.

பின்னால் திரும்பினேன். அக்கா சுவரில் சாய்ந்திருந்தது. பை கீழே விழுந்திருந்தது, எடுக்கவில்லை.

"வேணாம்னு சொன்னாரா அவரு?" என்றது.

தலையாட்டினேன்.

"குடிச்சிட்டு எறங்கினான்னாங்க எங்கிட்ட. எல்லாரும் அதான் சொன்னாங்க."

"இல்லக்கா."

"இது நீ எழுதினதா?"

"நான் எழுதல."

"அவன் சொன்னதா?"

"ஆமாக்கா. அவர் சொன்னது. ஒரு வார்த்தை மாத்தல."

அக்கா சாரைப் பார்த்தது. ஜேக்கப்பைப் பார்ப்பது போலவே பார்த்தது. சார் என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டார். பர்வீன் ஓடி வந்து அக்காவின் தோளைப் பிடிக்கப் போனாள். அக்கா அவளை விலக்கிவிட்டு, நாலடி முன்னால் வந்து, கேமராவுக்குப் பக்கத்தில், தொட்டி தெரிகிற இடத்தில் நின்றது.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."

ராஜமாணிக்கம் சார் என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, சரியா வரலயா?"

"நல்லா வந்துச்சு சார்" என்றேன். "இன்னொரு தடவை."